டி.டி.எஸ். மாத்திரையும் மதியத் தண்ணீரும்

வலியோடு வந்து மருந்துச் சீட்டை நீட்டிய ஒருத்திக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். சுருக்கெழுத்தை எங்கே பார்த்தாலும் விரித்துச் சொல்லாமல் விட முடியாத வியாதி எனக்கு. அதற்கு மாத்திரை கிடையாது.

மரக்காணத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவள். உப்பளத்தில் கூடை சுமக்கிறாள். நீர்க்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, கூட வேலை செய்யும் நாத்தனாரோடு என் வாசலில் நின்றாள். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் டி.டி.எஸ். என்று எழுதியிருந்தது.

"இன்னா சார் இது?"

விடுவேனா? சம்பளக்காரனுக்கு, காசு கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்கிற வரி என்றேன். வாட்டர் ஃபில்டர்காரனுக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் அளவு. டாக்டருக்கு லத்தீன்; தினம் மூன்று வேளை. லத்தீன் யார் பேசிய பாஷை என்று நான் ஆரம்பிக்கும்போது நாத்தனார் குறுக்கிட்டாள்.

"மதியமுமா? அப்ப அளத்துல இல்ல சார் இருப்போம்?"

"அங்கியே போட்டுக்குங்க. தண்ணி நெறைய குடிக்கணும்."

இருவரும் சிரித்தார்கள்.

"குடிச்சா எங்க போறது? ஆம்பளைங்க கரையில திரும்பி நின்னுக்குறாங்க. எங்களுக்கு ஒரு செடி மறைவு உண்டா? வேலைக்குப் போனா வூட்டுக்கு வந்துதான் தண்ணி."

"அப்ப மதிய மாத்திரை?"

"ராத்திரிக்குச் சேத்துப் போட்டுக்குறேன் சார்," என்றாள் அவள்.

தப்பு என்றேன். சொன்னதோடு சரி. அந்த அளத்துக்காரர் எனக்குப் பழக்கம். டீக்கடையில் என் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பவர். அன்று மாலை அவரிடமும் டி.டி.எஸ். கதையைத்தான் அவிழ்த்துவிட்டேன். நன்றாக எடுபட்டது. மறைவு பற்றிப் பேச்சு வரவில்லை.

கோடை முடிவதற்குள் அவள் முகமும் காலும் வீங்கின. இரண்டு கிட்னியும் போய்விட்டதாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினார். இவளுக்கு இளநீர் ஆகாது; தண்ணீரே அளந்துதான். காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கிடந்தாள். கட்டிலுக்கு நாலடி தள்ளிக் கழிப்பறை. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருந்தது.

வராந்தாவில் நாத்தனாரிடம் இளநீரைக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க பேசுனா அளத்துக்காரரு நல்லா சிரிப்பாரு இல்ல சார்? சிரிக்கும்போதே ரெண்டு கீத்து வச்சு ஒரு மறைப்பு கட்டிக் குடுக்கச் சொல்லியிருக்கலாம்."