உம்மம்மாவைப் பெற்றவள்

பதிவாளர் அலுவலகத்தில் பழைய விவாகப் பதிவேட்டைத் திறந்ததும் வந்தது அதே பாச்சா உருண்டை வாசம். உடன்பிறந்த ராத்தாவைப் பெண் கேட்டு வந்த அன்று வாப்பா, உம்மா, மாப்பிள்ளையின் மாமா, நான் இருந்தோம். ராத்தா இல்லை, குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றினா.

"பொண்ட உம்மா என்ன குடி, காக்கா?" என்று மாமா வாப்பாவிடம் கேட்டார்.

எங்கள் பக்கம் குடி என்னும் வம்சப் பெயர் தாய்வழி வருவது; அது தெரியாமல் சம்பந்தம் பேசமாட்டார்கள்.

"ஏன் நம்மளக் கேக்கீங்க? படிச்ச ஆள் இரிக்கான்!" என்று வாப்பா சிரித்து, பாச்சா உருண்டை மணத்த பெட்டகத்திலிருந்த உம்மம்மாவின் கல்யாணப் பத்திரத்தைத் தந்தார்.

வகுப்பில் வாசிப்பதுபோல் உரத்து வாசித்தேன்: "மணமகளின் தாய் பெயர் தெரியாது."

மாமா எழும்பினார். "கதைச்சிட்டுச் சொல்றம், காக்கா."

"அதையும் ஏன்டா வாசிச்ச?" என்றா உம்மா.

இந்தப் பதிவேட்டிலும் அந்தத் தாயின் பெயர் இல்லை. நான் வாசித்த ஒரு வரியால் ராத்தா கல்யாணமில்லாமல் இருப்பது, இன்றோடு பதினோரு வருஷம்.