மீன் என்று சொல்லிவைத்தது

முதுகு நமக்குச் சொந்தம்தான், ஆனால் நாம் பார்த்ததில்லை. ஆற்றில் குளிக்கிற ஊரில் அது அடுத்தவர்கள் பார்த்துச் சொல்கிற சங்கதி. கல்லிடைக்குறிச்சியில் சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நானும் என் மனைவியின் அண்ணனும் படித்துறைக்குப் போவோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் என் முதுகைத் தேய்ப்பார். அப்புறம் நான் திரும்பி அவர் முதுகை. கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். இதில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் விளையாட்டும் இருந்தது.

"மாப்ளே, முதுகுல தேமல் கெடக்கு வே. ஒண்ணு ரெண்டு இல்ல."

"கெடக்கட்டும் மச்சான். வேர்வைத் தேமல்தான்."

"நானும் நுள்ளிக்கிட்டே இருக்கேன். கோயில் தூணு மாதிரி நிக்கீரே."

நுள்ளினாரா? எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஓடுவது தெரிந்தது, மீன்குஞ்சுகள் கணுக்காலைக் கொத்துவது தெரிந்தது, அவர் மூச்சு என் கழுத்தில் படுவதுகூடத் தெரிந்தது. நகம் மட்டும் தெரியவில்லை. "வலிக்கத்தான் செய்யுது மச்சான், நீங்க தப்பா நினைச்சிரக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறு அத்தனை குளிர்ந்து நான் கண்டதில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உணர்ச்சியற்ற தேமல் என்றால் என்ன என்று பரீட்சைக்குக் கேள்வி எடுக்கிற ஆள் நான். விடையும் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை வாயால் சொல்லிப் பார்க்கக்கூட அன்று துணிவு வரவில்லை. பாடத்தில் அது தொழுநோய். ஊரில் அதற்கு வேறு பெயர், சொல்லிவிட்டுத் துப்புகிற பெயர்.

உள்ளூரில் காட்டினால் மருந்து வாங்கும் முன் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். ஆறு போய்க் கடலில் விழுகிற பக்கம், புன்னக்காயல் போகும் வழியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மருந்தகம் ஒன்று இருந்தது. பஸ் மாறி, பஸ் மாறிப் போனேன். அங்கே வயதான சிஸ்டர் ஒருவர் என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"கண்ண மூடிக்கோங்க சார். நான் எங்கன தொடுதேனோ அங்கன விரல வச்சுக் காட்டுங்க."

காத்திருந்தேன். வெளியே யாரோ வலை உதறும் சத்தம். கருவாட்டு வாடை. இன்னும் தொடவில்லை போல என்று நின்றுகொண்டே இருந்தேன்.

"சரி, கண்ணத் தொறங்க" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான் பரிசோதனை. பிறகு காது மடலில் லேசாகக் கீறிக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்தார்கள். கிருமி நிறைய இருக்கிற வகை என்று தெரிந்தது. மாதம் ஒருமுறை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டிய மாத்திரைகள், தினமும் வீட்டில் விழுங்க வேண்டியவை வேறு. "மருந்து நிறம் கறுக்கும் சார், பயப்படாதீங்க. பைய மாறிரும். மொத மாசத்து மருந்து உள்ள போயிட்டா ஒங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. பிள்ள குட்டியோட எப்பவும் போல இருங்க."

அதைக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். தலையாட்டவும் செய்தேன்.

அந்தப் பருவத்தில் எனக்கு வந்து வாய்த்த பாடம் நோயெதிர்ப்பு. ரத்தத்தில் காவல் நிற்கிற டி அணு என்னும் உயிரணு எப்படி விழிக்கிறது என்பதுதான் முதல் வாரம். கரும்பலகையில் படம் போடுவேன். அணுவின் வெளித்தோலில் ஓர் ஏற்பி. அதில் அயலானை அடையாளம் காண்கிற பகுதி இரண்டு சங்கிலிகள், ஆல்பா, பீட்டா. கண் போலக் கூர்மை, ஆனால் வாய் கிடையாது. தோலைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வால் அவற்றுக்கு மிகச் சிறியது. பார்த்ததை உள்ளே கொண்டுபோய்ச் சொல்ல அவற்றால் ஆகாது. அதற்குத்தான் கூடவே வேறு துணைப் புரதங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஜீட்டா. வெளியே அது இருப்பதே தெரியாது. உள்ளேதான் அதற்கு நீண்ட வால். அயலானை ஏற்பி பிடித்ததும் அந்த வாலில் பாஸ்பேட்டுகள் வந்து ஒட்டும். ஒட்டிய இடத்தில் இன்னொரு புரதம் வந்து உட்காரும். அது அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. செய்தி கரு வரைக்கும் போகும். அணு பெருகும், படையாகும்.

"சார், அந்த ஜீட்டா கொறஞ்சு போச்சுன்னா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்.

"பார்க்கும். சொல்லாது. அணு சும்மா கிடக்கும்."

"ஏலே, ஒன்ன மாதிரிதாம்லே" என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பு சிரித்தது.

"எந்த வியாதியில சார் அப்படிக் கொறையும்?"

புற்றுநோய் சிலவற்றில், என்றேன். பொய் இல்லை. ஆனால் கிருமி நிறைந்த வகைத் தொழுநோயிலும் டி அணுக்களில் ஜீட்டா குறைந்து காணப்படுவதாக அப்போதுதான் படித்திருந்தேன். காரணமா விளைவா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத விஷயம்தான். இருந்தாலும் படித்த அன்று அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருமி வருஷக்கணக்காக என் தோலுக்கடியில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. என் அணுக்கள் பார்த்திருக்கின்றன. ஒரு காய்ச்சல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. இந்தப் பாடத்தை நடத்துகிறவனின் உடம்பிலேயே இப்படி. வகுப்பில் அந்தச் சொல்லை எழுதாமல் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். அதன்பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டவே கூச்சமாகிவிட்டது. சட்டைக்கு மேலாக யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும்.

ஆற்றுக்குப் போவதை நிறுத்தினேன். சளி என்றேன். கொல்லைக் கிணற்றடியில் சட்டை போட்டுக்கொண்டு குளித்தேன், அது உலர்வதற்குள் வேறு சட்டை. மாத்திரைகளைக் கல்லூரியில் தவளை மிதக்கும் ஜாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பத்தமடைப் பாயை உள்ளறையிலிருந்து எடுத்துவந்து முன்னறையில் தனியாக விரித்தேன். வெக்கை என்றேன். மகளுக்கு அப்போது குப்புற விழத்தான் தெரியும். தூக்கச் சொல்லி மனைவி நீட்டினால், கை கழுவவில்லை என்பேன். கழுவிவிட்டு வந்தால், பரீட்சைப் பேப்பர் இன்னும் திருத்தவில்லை என்பேன்.

மாதம் ஒருமுறை எங்கே போகிறேன் என்று கேட்டாள். கடல் உயிரி ஆராய்ச்சி, புன்னக்காயலில் மாதிரி எடுக்கிறேன் என்றேன். நம்ப வேண்டுமே என்று கரையில் கிடக்கும் சிப்பி, சங்கு, நண்டு ஓடு என்று ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவேன். வெங்காயம் வதங்கினாலே ஜன்னலைத் திறக்கிற சைவ வீடு அது. பை கிணற்றடியோடு நிற்கும். வாடை மட்டும் அடுப்படி வரைக்கும் வரும்.

மருந்து வேலை செய்தது. நான் கறுத்தேன். வெயிலில் கறுக்கிற கறுப்பு இல்லை, உள்ளிருந்து புகை பிடித்தது போல ஒரு செங்கறுப்பு. ரயிலில் கூட வருகிறவர்கள் விடவில்லை.

"என்ன சார்வாள், தூத்துக்குடியில உப்பளம் கிப்பளம் வாங்கிப் போட்டீரா?"

"உப்பளம்னா வெளுப்பால்லா இருக்கும். இவரு கரி மூட்டம் போடுதாரு வே."

சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். நெல் பச்சையாக ஓடும்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும், ஒருநாள் சாயங்காலம் மச்சான் வந்தார். அப்பளக் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வந்திருந்தார். தேமலுக்குப் பூவரசங்காயை உரசிப் போடுகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தவர்தான். அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். அவர் கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார்.

"மாப்ளே, நான் ஒண்ணு கேப்பேன். மறைக்கப்படாது."

"கேளுங்க மச்சான்."

"மாசா மாசம் கடக்கரைக்குப் போறீரு. பையில மீன் வாடை. ஆத்துக்கு வரமாட்டேங்கீரு. முதுகுல வெள்ளை வெள்ளையாத் தேமல். உமக்குத் தயிரு இல்லாமச் சோறு எறங்காது, அது எனக்குத் தெரியும்." அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "மீனத் தின்னுட்டு, அதுக்கு மேல தயிர ஊத்தியிருக்கீரு. அப்படித்தான வே?"

மீனும் தயிரும் சேர்ந்தால் உடம்பு வெளுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மீனையே தொடாதவர்களுக்கு அதில் இன்னும் உறுதி. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நல்ல குடும்பத்துப் பையன், யார் கெடுத்தார்களோ என்கிற வருத்தம்.

நான் குனிந்துகொண்டேன். "ஆமா மச்சான்" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. பொய்யைச் சொன்னதற்காக மட்டும் இல்லை. சொன்ன அந்த நொடியில் நெஞ்சிலிருந்து எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்பதற்காக. மீன் தின்றவன். ஆகா, மீன் தின்றவன் என்றால் நான் இன்னும் மனுஷன். குளித்தால் போகும். விட்டுவிட்டால் தீரும். அந்தக் குற்றத்தை ஒரு புது வேட்டி மாதிரி கட்டிக்கொண்டேன்.

"விட்டுரும் வே" என்றார். "தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

சொன்னார். இரண்டு நாளில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பின்வாசல் வழியாக வந்தேன். கிணற்றடியில் மூன்று செங்கல் கூட்டி, புதுச் சட்டி ஏற்றி, என் மனைவி குந்தியிருந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடரியில் முடிச்சுப் போட்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர். புளி கொதிக்கிற வாசனைக்கு அடியில் இன்னொன்று வந்தது. எட்டிப் பார்த்தேன். மீன்.

அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அவளிடம் கேட்டு, கழுவி நறுக்கின துண்டுகளாக டிபன் கேரியரில் வாங்கி வந்திருக்கிறாள். அப்படியும் மனது கேட்காமல் ஒட்டியிருந்த செதிலை எடுத்துத் தானும் ஒருமுறை கழுவியிருக்கிறாள்.

வாழையிலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பைக் கரண்டியில் எடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல அத்தான். ஆசைப்பட்டா என்ன செய்ய. இதுக்காக அம்புட்டுத் தூரம் போவாண்டாம். மாசத்துக்கு ஒருநா இங்கனயே வச்சுத் தாரேன். அன்னைக்கு மட்டும் தயிரு வேண்டாம்." கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, "இதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டுத் தனியாப் படுக்காதீங்க. பிள்ளையத் தொடாம இருக்காதீங்க" என்றாள்.

இலையில் துண்டு. அதன் தோல் வெள்ளியாக மினுங்கியது. என் வாயில் அதுவரை மீன் பட்டதே இல்லை. தின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஒரு துண்டை விழுங்கிவிட்டால் போதும், வாழ்நாள் முழுக்க மீன்காரனாக இருந்துவிடலாம். பிட்டேன். வாயருகே கொண்டுபோனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ருசிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று, அந்த முந்தானைக்கு மேலே இரண்டு கண்ணாக. கை இறங்கிவிட்டது.

சொன்னேன். வியாதியின் பெயரைச் சொன்னேன், பாடப்புத்தகத்துப் பெயரை. அவளுக்குப் புரியவில்லையோ என்று ஊர்ப் பெயரையும் சொன்னேன்.

சட்டியில் குழம்பு கொப்புளம் விட்டது.

"அப்போ மீனு?"

"தின்னதே இல்ல."

சட்டியைப் பார்த்தாள். தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். "பாவி மனுசா, செதிலு எல்லாம் எடுத்தேனே" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

எனக்கோ வாத்தியார் வாய். கிருமி எப்படி வருகிறது, டி அணு ஏன் விழிக்கவில்லை, ஏற்பி பார்த்தாலும் ஜீட்டா இல்லாவிட்டால் செய்தி எப்படி உள்ளே போகாது என்று சாம்பலில் குச்சியால் கோடு போட்டு விளக்கத் தொடங்கினேன். மருந்து இப்போது எல்லாவற்றையும் கொன்றுவிட்டது என்றேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"அதெல்லாம் வகுப்புல சொல்லுங்க. பிள்ளையத் தூக்கலாமா, கூடாதா?"

"தூக்கலாம்."

"எப்போ இருந்து?"

கையிலிருந்த குச்சியால் சாம்பலைக் கிளறினேன். அவள் விடவில்லை. "எப்போ இருந்துன்னு கேக்கேன்."

"மொத மாசம் மருந்து உள்ள போனதுல இருந்தே."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்தாள். மூக்கை மூடியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். ஏச்சு வரும் என்று இருந்தேன். வரவில்லை. வீட்டுக்குள் போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். நிலையருகே வந்ததும் கையை விட்டாள். மகள் படியில் ஒரு கையை ஊன்றி இறங்கி, பிறகு நிமிர்ந்து, யார் துணையும் இல்லாமல் கொல்லையில் நடந்து வந்தாள்.

அவள் நடக்கத் தொடங்கியிருந்ததே எனக்குத் தெரியாது.