பெரிய இன்ஜெக்டரும் ஒரு களம் ஜவ்வரிசியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் நடந்தது இது. இன்னும் கூச்சம் போகவில்லை. இந்த வாரப் பத்தியில் எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். “எழுதுங்க... நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்” என்றாள் என் மனைவி சாந்தி. எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு டீசல் கார் இருக்கிறது. பழசு. ஆனால் நம்பிக்கையானது. கொஞ்ச காலமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தது. சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பழனிசாமி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, மெஷினில் மாட்டிப் பார்த்தார்.

“இன்ஜெக்டர் ஒழுகுதுங்க. கம்பெனி சைஸ்லயே புதுசு மாத்திட்டா போதுமுங்க. வண்டி பழையபடி ஓடும்.”

பழையபடி! பழையபடி ஓட யாருக்கு வேண்டும்?

இதற்கு ஒரு பின்கதை உண்டு. என் சகலை செல்வராஜ் — சாந்தியின் அக்கா கணவர் — ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். சமீபத்தில் ஒரு புது எஸ்யூவி வாங்கினார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாலை போட்ட வண்டியின் போட்டோ வந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் கை தட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். அனுப்பிய கையோடு யூடியூபைத் திறந்தேன்.

பெரிய இன்ஜெக்டர் போட்டால் பழைய டீசல் காரும் சிறுத்தை மாதிரி பாயும் என்றார்கள். கடைசியில் ஏதோ நிபந்தனைகளும் சொன்னார்கள். அதற்குள் நான் போனை மூடிவிட்டேன். நமக்குப் பிடித்ததைச் சொல்லி முடித்த பிறகு, மிச்சத்தை யார் கேட்கிறார்கள்?

“பெரிய சைஸ் போட்டா என்னங்க?” என்று பழனிசாமியிடம் கேட்டேன்.

“டீசல் சாஸ்தியா இறங்குமுங்க. ஆனா இன்ஜின் இழுக்கற காத்து அதே காத்துதானுங்களே? எரியாத டீசல் புகையாத்தான் வெளிய வரும். காத்தை அமுக்கித் தள்ற டர்போ, கம்ப்யூட்டர் மேப்பிங் எல்லாம் சேத்து மாத்துனா அது வேற கதைங்க. வெறும் இன்ஜெக்டர் மட்டும்னா... வேண்டாமுங்க.”

“போட முடியுமா, முடியாதா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “முடியுமுங்க. உங்க வண்டி... உங்க இஷ்டமுங்க.”

போட்டாயிற்று. ராசிபுரம் ரோட்டில் ஆக்சிலரேட்டரைத் தொட்டேன். பொய் சொல்லக் கூடாது — நன்றாகவே இழுத்தது. எனக்கு வயது குறைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தி சைடு மிர்ரரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஏனுங்க... பின்னாடி பைக்ல வாரவரு மூக்கைப் பொத்திக்கிட்டு வாராருங்க.”

“புது இன்ஜெக்டர். போகப் போகச் சரியாயிடும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆலையை ஒட்டியே வீடு. நடுவில் பெரிய சிமெண்ட் களம். அன்று காலையில்தான் ஜவ்வரிசியைப் பரப்பியிருந்தார்கள். வெயிலில் கண் கூசும் வெள்ளை. சில பெண்கள் பலகையால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நான் காரை ரிவர்ஸில் கொண்டுபோய், முகப்பு வீட்டைப் பார்க்கும்படி நிறுத்தினேன். வந்ததும் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் அல்லவா? காரின் பின்பக்கம் களத்தைப் பார்த்து நின்றது.

செல்வராஜ் வாசலுக்கு வந்தார். “வாங்க தம்பி! வண்டியில என்னமோ புதுசா பண்ணியிருக்கீங்களாமே?”

இந்தக் கேள்விக்காகத்தானே வந்திருந்தேன்! “சத்தத்தைக் கேளுங்கண்ணே” என்று மறுபடியும் உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை அமுக்கினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன்.

“நிறுத்துங்க... நிறுத்துங்க!” சாந்தியின் குரல்.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். புகை கலைந்துகொண்டிருந்தது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருமினார்கள். களத்தின் ஓரத்தில், இன்னும் ஈரம் காயாத ஜவ்வரிசி மேல், தயிர்சாதத்தில் மிளகுத்தூள் கொட்டிய மாதிரி கரி படிந்திருந்தது.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். விருந்துக்கு வந்த சகலையைத் திட்ட முடியுமா? திரும்பினார்.

“ஏம்மா சின்னப்பொண்ணு! வண்டி நிக்கிற எடத்துல எதுக்குப் பரப்புன? கண்ணு தெரியல?”

சின்னப்பொண்ணு அந்தப் பெண்களில் மூத்தவர். நான் காரை நிறுத்துவதற்கு வெகு முன்பே பரப்பியவர். அது செல்வராஜுக்கும் தெரியும். சின்னப்பொண்ணு குனிந்து, கரி பட்டதைத் தனியாக ஒதுக்க ஆரம்பித்தார்.

நான்?

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ‘தப்பு என்னுதுண்ணே’ — இவ்வளவுதான். சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அந்தம்மா திட்டு வாங்கட்டும், விஷயம் அத்தோடு முடியட்டும் என்று என் மனசின் ஒரு மூலை நினைத்தது. ஆமாம், நினைத்தது. வாராவாரம் உங்களுக்கு நல்லது கெட்டது சொல்லும் அதே ஆள்தான்!

சாந்திதான் பேசினாள். “மாமா, அவங்களை ஏன் திட்டறீங்க? அவங்க முன்னாடியே பரப்பிட்டாங்க. வண்டியைக் கொண்டாந்து அங்க நிறுத்துனது எங்கூட்டுக்காரரு. புகை விட்டதும் அவருதான்.”

“சரி விடும்மா... வாங்க, சாப்பிடலாம்” என்று செல்வராஜ் உள்ளே போய்விட்டார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரி பட்டதை வாரப் போனேன். “வேணாம் சார், கையெல்லாம் கரி ஆயிடும்” என்றார் சின்னப்பொண்ணு. வாரினேன். அத்தனையும் குப்பைக்குத்தான் போயிற்று. மன்னிப்பு மட்டும் அப்போதும் கேட்கவில்லை. வாரினாலே கேட்ட மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே சாந்தியின் அக்கா கறிக்குழம்பு பரிமாறினார்; பாதியிலேயே இலையை மூடிவிட்டேன்.

கிளம்பும்போது அடுத்த கூத்து. நான் காரை நோக்கி நடந்ததுமே களத்தில் ஒரு குரல்: “சார் வண்டி எடுக்கறாரு... மூடுங்கடி!” பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. ரோடு வரைக்கும் தள்ளிடலாம்” என்றார் செல்வராஜ்.

சாந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். செல்வராஜ், நான், அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, ரிப்பேரே இல்லாத ஒரு காரை, அவருடைய புது எஸ்யூவியைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனோம். என் பக்கத்தில் சின்னப்பொண்ணு. “நல்ல வண்டிதான் சார், தள்றதுக்கு லேசா இருக்கு” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

மறுநாளே பழனிசாமி கடை. பெரிய இன்ஜெக்டரைக் கழற்றி, கம்பெனி சைஸில் புதுசு மாட்டியாயிற்று. நடுக்கம் போய்விட்டது. புகை இல்லை. ஆக, கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் அனுபவம் இது: ஒழுகும் இன்ஜெக்டரை அதே சைஸில் மாற்றுங்கள், பலன் உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டர் மட்டும் போட்டால் கொஞ்சம் இழுக்கும், நிறைய டீசல் குடிக்கும், ஊரையே இருமவைக்கும். தேவையில்லை.

கார் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குனிந்த முதுகு கண்ணில் வந்தது. வியாழக்கிழமை செல்வராஜுக்கு போன் செய்தேன்.

“அண்ணே, அந்தம்மாவை நீங்க திட்டினது... தப்பு முழுக்க என்னுது. நான் அங்கேயே சொல்லியிருக்கணும். நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

“அட, அதெல்லாம் அவங்க எப்பவோ மறந்திருப்பாங்க தம்பி” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரே, குரல் மாறி, “சரி... நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நானே சொல்லிடறேன்” என்றார்.

சொன்னாராம். நேற்று போன் செய்தார். “சின்னப்பொண்ணு என்னண்ணே சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பெருசா சொல்லல தம்பி. ‘அப்ப அந்த சார் அன்னிக்கே ஏன் சொல்லல?’ன்னு மட்டும் கேட்டுச்சு.”

இன்ஜெக்டரைப் பற்றிக் கேட்டிருந்தால்... பதில் சொல்லியிருப்பேன்.