தலைவரின் மூன்று நிமிடம்

கணினித் திரையில் மைக் படத்தின் குறுக்கே ஒரு சின்னச் சிவப்புக் கோடு விழுந்தால் நாம் பேசுவது எதிர்ப்பக்கத்துக்குக் கேட்காது என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு அந்தக் கோட்டைக் கண்டால் எங்கள் தலைவரின் முகம்தான் நினைவுக்கு வரும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு லேனில், இரண்டாம் மாடியில் அவருடைய கணக்குக் கந்தோர் இருந்தது. அன்றைக்கு நடந்த இணையவழிக் கூட்டத்துக்காக, ரயில் சத்தம் வரும் என்று யன்னலை இறுக்கிச் சாத்தி, இரைச்சல் போடும் என்று ஏசியையும் நிற்பாட்டியிருந்தோம். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய அவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கோடு விழுந்து கிடந்தது. அவரோ நிறுத்தவில்லை.

தலைவர் என்று நான் சொல்வது கொழும்பில் சிறு தொழில்காரருக்குக் கணக்கெழுதும், கணக்காய்வு செய்யும் எங்கள் சின்னக் குழுவின் தலைவரை. நான் அதன் செயலாளர். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், கொட்டாஞ்சேனைக்காரர், கோயில் திருவிழாவில் வருடந்தோறும் நன்றியுரை சொல்பவர். ஒருமுறை கரண்ட் வேலை செய்த பொடியனின் பெயரை விட்டுவிட்டாராம். அவன் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஒருவரையும் விடமாட்டார். குழுக் கூட்டத்துக்கு வருவதே ஆறேழு பேர். அதற்கும் வரவேற்பு, வந்தவருக்கு நன்றி, வராதவருக்கு வருத்தம், தின்ன மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தவருக்குத் தனி நன்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சேர், விசயத்துக்கு வாங்கோ" என்பேன். "செக்ரட்டரி அம்மாவுக்கும் நன்றி" என்று சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

கொழும்பில் கணக்கெழுதுகிறவருக்கு ஐரோப்பாவில் என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது. பெரிய கடைகள் இனிமேல் தங்கள் லாப நட்டத்தை மட்டும் காட்டினால் போதாது. விற்கும் பொருளை எங்கே, யார், எப்படிச் செய்தார்கள் என்றும் அறிக்கை கொடுக்க வேண்டும், அதற்குக் கணக்காய்வாளர் அத்தாட்சி தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பெரிய கடைக்காரன் அதே அத்தாட்சியைத் தனக்குப் பொருள் கொடுக்கும் கடைசி ஆளிடமும் கேட்பான். அதைத் தரும் வெளிநாட்டுக் கம்பனிக்குக் காசு கொடுக்கக்கூடிய வசதி எங்கள் சின்னத் தொழில்காரருக்கு இல்லை. மிகச் சிறியவர்களுக்கு ஒரு பக்க அறிக்கையும், ஊர்க் கணக்காய்வாளர் நேரில் பார்த்து வைக்கும் கையெழுத்தும் போதும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. எழுத்தில் அனுப்பினோம், கிடைத்தது என்று கணினி தானாக ஒரு பதில் போட்டது. பிறகு அங்குள்ள கணக்காளர் அமைப்பு ஒன்று, சட்டம் எழுதுகிறவர்களையும் வைத்துக்கொண்டு பல நாட்டவரின் கருத்தைக் கேட்க இணையவழிக் கூட்டம் கூட்டியது. ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று நிமிடம். எழுதியனுப்புவது குவியலில் கிடக்கும், அந்தக் கூட்டத்தில் காதில் விழுவதைத்தான் எடுத்துப் பேசுவார்கள் என்று விசயம் தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். முகத்துவாரத்தில், வீட்டோடு சேர்ந்த கொட்டிலில், அயலிலுள்ள பெண்களை வைத்துத் தென்னந்தும்பில் கால்மிதி செய்கிறவர். ஓர் ஏற்றுமதிக்காரர் அதை வாங்கி ஐரோப்பாவில் ஒரு பெரிய கடைக்கு அனுப்பினார். அந்தக் கடை அப்போதே அத்தாட்சி கேட்கத் தொடங்கிவிட்டது. "நான் ஆருக்காகக் கதைக்கிறன் எண்டு எனக்கு முன்னால ஒராள் இருக்கோணும்" என்று தலைவர் சொன்னார். அந்த அக்கா நல்ல சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

எங்கள் முறை வந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். கூட்டத் தலைவிக்கு நன்றி, அவருடைய உதவியாளருக்கு நன்றி, முன்னால் பேசிய நாட்டவருக்கெல்லாம் ஒவ்வொருவராக நன்றி, தொழில்நுட்பம் பார்க்கும் முகம் தெரியாத நண்பருக்கு நன்றி. கரண்ட் பொடியன் அங்கேயும் வந்துவிட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மேசைக்குக் கீழே காலால் தட்டினேன். பேசும் தாளில் நன்றிகள் இருந்த முதல் பந்தியை நானே வெட்டிக் கொடுத்திருந்தேன். அது அவருடைய வாயிலிருந்துதான் வந்ததே தவிரத் தாளில் இல்லை. பிறகு எங்கள் தீவைப் பற்றி இரண்டு வசனம். "இனி எங்கள் கோரிக்கைக்கு வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் அவர் சொல்லி வாய் மூடவில்லை, கூட்டத் தலைவி மிக மரியாதையாக நேரம் முடிந்துவிட்டது என்றார். சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்த நாட்டுக்காரரின் உதடுகள் அசையத் தொடங்கின. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று நான் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன்.

தலைவர் ஒரு கணம் அந்தக் கோட்டைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் பேசத் தொடங்கினார்.

"முகத்துவாரத்தில ஒரு அம்மா தும்பில கால்மிதி செய்யிறா. ஒருத்தரையும் பேசி, அடிச்சு வேலை வாங்கிறதில்ல. ஒரு பிள்ளையையும் பள்ளிக்கூடத்தால மறிச்சு எடுக்கேல்ல. அவவிட்ட வேலை செய்யிறவைக்குக் காய்ச்சல் எண்டா அவதான் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறா. இதை நான் என்ர கண்ணால பார்த்துக் கையெழுத்து வைக்கிறன். என்ர கையெழுத்தை நம்புங்கோ. நம்பாட்டி வந்து பாருங்கோ, ப்ளேன்டீ ஊத்தித் தருவா."

இத்தனை வருடத்தில் அவர் நன்றி சொல்லாமல், சுற்றி வளைக்காமல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அந்த மூடிய அறைக்குள் எங்கள் இருவருக்கு மட்டும் கேட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தமிழும் அவங்களுக்கு விளங்குமா சேர்?"

"மொழிபெயர்க்க ஆள் வச்சிருக்கிறாங்கள்" என்றார் தலைவர்.

அந்தப் பொய் அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அக்கா படியிறங்கிப் போனபின், டையைக் கழற்றிக்கொண்டு, "நாளைக்குப் போய்ச் சொல்லிப்போடுறன்" என்றார். மறுநாள் போனார். அக்கா அயல் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, இவர்தான் எங்களுக்காக வெள்ளைக்காரரோடு கதைத்த சேர் என்று காட்டினாராம். தலைவர் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இன்னொரு முறையும் போய் அப்படியே வந்தார். எழுத்தில் கொடுத்ததை யாராவது வாசிப்பார்கள், அந்த வரி சேர்ந்துவிடும், சொல்லாமலே சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அந்த வரி சேரவில்லை. இடையில் ஏற்றுமதிக்காரர் அக்காவிடம் வந்திருந்தார். நீர்கொழும்புப் பக்கம் அத்தாட்சி எடுத்த பெரிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, அதன் கிளையாகச் சேர்ந்தால் பெண்களுக்கும் வேலை போகாது, கொட்டிலும் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா, "எங்கட சேர் கதைச்சிட்டார், கொஞ்சம் பொறுங்கோ" என்று அனுப்பிவிட்டார். ஏற்றுமதிக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். தலைவருக்கு இது தெரிந்த அன்றுதான் போய் உண்மையைச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா ஏசவில்லை. தும்பைக் கையில் வைத்துப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர். நான் அந்த ஆளுக்கு ஓம் எண்டிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் தலைவர் ஓட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐரோப்பியக் கடை விலகியது, கொட்டில் மூடியது. தலைவர் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். குழுக் கூட்டங்களையும் நடத்தினார். ஆனால் அடுத்த திருவிழாவில் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். சனம் ஏதோ பகிடி என்று சிரித்தது. விசயத்துக்கு வாங்கோ என்று அவரை வருடக்கணக்காக நச்சரித்த எனக்கு அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஒருவர் பெயரையும் விடாமல் சொல்லும் அந்த மனுசன்தான் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது அவர் இல்லை.

இப்போது அந்தக் கூட்டங்களில் நான் பேசுகிறேன். முதல் வசனத்திலேயே கோரிக்கை. மூன்று நிமிடத்தில் பாதிகூடத் தேவைப்படாது. மிகத் தெளிவாகச் சொன்னீர்கள் என்கிறார்கள். அண்மையில் அங்கே சட்டத்தைத் தளர்த்தப் போவதாகவும், சின்னவர்களிடம் அதிகம் கேட்கக் கூடாது என்று வரப்போவதாகவும் அறிவித்தார்கள். கேட்டபோது சந்தோசமாக இருக்கவில்லை. எங்கள் பேச்சு எடுபட்டு வந்த மாற்றமும் இல்லை அது. அவர்களுடைய சொந்தக் கம்பனிகளே பாரம் தாங்காமல் முறையிட்டதால் வந்தது.

இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. முன்பு சொல்லாமல் விட்டதன் பலனைப் பார்த்தவள் நான். முகத்துவாரத்துக்குப் போனேன். அக்கா இப்போது கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். வாசலில் அவருடைய பழைய கால்மிதி ஒன்று நடு தேய்ந்து கிடந்தது. நான் சொன்னதை இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"அப்ப சேர் மைக் இல்லாமக் கதைச்சது இப்பதான் அங்க போய்ச் சேர்ந்திருக்கு."

கம்பனிகள் முறையிட்ட கதையை நான் விளக்கியிருக்கலாம். நேராக விசயத்தைச் சொல்வதுதானே என் பழக்கம். "ஓம் அக்கா, இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கு" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டில் இருந்த பக்கம் பார்த்தார். "தும்பு முறுக்கிற மிசினத்தான் வித்துப்போட்டன்" என்றார்.

போன வாரம் இன்னொரு கூட்டம். நான் பேசி முடித்ததும் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. நேரம் நிறைய மிச்சம் இருந்தது. ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கூட்டத் தலைவிக்கு, உதவியாளருக்கு, தொழில்நுட்பம் பார்ப்பவருக்கு, முகத்துவாரத்து அக்காவுக்கு என்று தலைவர் சொல்லும் ஒழுங்கிலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியாகத் தலைவருடைய பெயர் மிஞ்சியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.