இடது பக்கத்துத் தட்டல்

இது நான் கட்டிய கதை இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது பட்டப்பகலில், மழைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை. அன்று முழுக்க மணி பார்த்துக்கொண்டே இருந்ததால் நேரமெல்லாம் சரியாக நினைவிருக்கிறது.

என் பெயர் தாவின். வட தாய்லாந்தின் மே சாரியாங்கில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் பிக்கப் வண்டிகள் பழுது பார்க்கிறேன். என் மனைவி புவாகேவ் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதே மலைச்சாலையில், பதினேழாவது கிலோமீட்டர் கல் இருக்கும் வளைவில், எங்கள் வண்டி சேற்றில் வழுக்கி ஓடைக்குள் போனது. ஓட்டியவன் நான். எனக்குத் தோளில் மட்டும் அடி. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும். ஊரார் வண்டியெல்லாம் முடியட்டும், நம்முடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அவள் போன பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மிளகாயைக் கடித்தாலும் ஒன்றுதான், சோற்றைத் தின்றாலும் ஒன்றுதான். ஒரு சொட்டு அழவில்லை. அந்த மலைப்பக்கம் திரும்பவும் போகவில்லை.

கம்லா அந்த மலை மேல் முட்டைக்கோஸ் போடுகிறவன். அவன் பிக்கப்பிலும் அதே கோளாறு வந்தது. நாலு சக்கரத்துக்கு மாற்றினால் டாஷ்போர்டில் அதற்கான விளக்கு சிமிட்டும், முன்சக்கரம் இழுக்காது. அவன் மனைவி சன்தீக்கு எட்டாம் மாதம். மழை பிடித்துவிட்டால் அந்த ஊரிலிருந்து இறங்கி வர அவன் வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

"புதுப் பெட்டி வர இருபது நாள் ஆகும்டா," என்றேன்.

"இருபது நாளா? அவ வயித்தப் பாத்தா எனக்கே மூச்சு வாங்குதுண்ணே. பழசு கிழசு ஏதாவது பாருங்க."

புதியதற்குச் சொல்லி வைத்துவிட்டு, லம்பாங்கில் உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹெங் அண்ணனிடம் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு அம்மா குடியிருக்கிறாள். மே யா நாங் என்போம். உடைந்த வண்டியின் சாமானை எடுப்பதற்கு முன்னால் அதற்கு மாலை போட்டு, "எடுத்துக்கிறேம்மா. விருப்பமிருந்தா கூட வா, இல்லேன்னா இங்கேயே இரு," என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பது வழக்கம். நான் இருபது வருஷமாகக் கேட்டு வந்தவன். அன்று கேட்கவில்லை.

"என்னடா, கையில பூவக் காணோம்? சாமிக்கும் உனக்கும் சண்டையா?" என்றார் ஹெங்.

"நேரமில்லண்ணே."

நேரம் இருந்தது. மனசுதான் இல்லை. எந்தக் கூடையில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இடது பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை 11:20. ஓட்டுநருக்கு இடது பக்கம், முன்னிருக்கைக்கு எதிரே சாமான் வைக்கும் அறையைக் கழற்றினேன். அதன் பின்னால்தான் பெட்டி இருக்கும். இரண்டு போல்ட், ஒரு இணைப்பு, அவ்வளவுதான் வேலை. பழைய பெட்டிக்குள் அது இருந்த வண்டியின் எண் பதிந்திருக்கும். அதைப் படித்து அழித்து, புது வண்டியின் எண்ணை எழுத வேண்டும். என் கணினியின் கம்பி அறுந்து கிடந்தது. எழுதாவிட்டாலும் வண்டி ஓடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். நாலு சக்கரமும் சுற்றின. விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது.

பகல் 1:35. போன் அடித்தது. மலை மேலிருந்து கம்லா.

"அண்ணே... பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. இங்க ஒரே மழை. வண்டி ஆச்சா?"

"ஆச்சு."

"நீங்களே எடுத்துட்டு வந்துருங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

அந்தச் சாலையா என்று ஒரு நொடி யோசித்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. சாவியை எடுத்தேன்.

2:08. பதினேழாவது கிலோமீட்டர் கல்.

டக்... டக்.

இடது பக்கத்திலிருந்து வந்தது. சாமான் அறையின் மூடி ஆடுகிறது என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தி ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. திருகாணி நாலும் அழுத்தமாக இருந்தன. முன்னிருக்கையின் துணி மட்டும் நனைந்திருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது...

மேலே போய்ச் சேர்ந்தபோது 2:50. சன்தீயைப் பின்னிருக்கையில் படுக்க வைத்தோம். கம்லா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். முன்னிருக்கை காலி.

"அண்ணே, மெதுவா... இல்ல, வேகமா போங்க," என்றான்.

"ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை," என்றாள் சன்தீ பல்லைக் கடித்துக்கொண்டு.

3:51. அதே வளைவு. நான் ஏறிப்போன பிறகு மேட்டு மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. முழங்கால் அளவு சேறு. மெதுவான இழுவை போட்டால்தான் தாண்ட முடியும். வண்டியை நிறுத்தி, கியரை எடுத்து, கிளட்சை மிதித்து, நாலு சக்கரத்துக்கு மாற்றும் குமிழைத் திருகினேன்.

விளக்கு சிமிட்டியது.

மறுபடி திருகினேன். சிமிட்டியது.

மூன்றாவது தடவை. சிமிட்டியது... சிமிட்டியது...

வண்டி அசைந்தது. முன்னால் இல்லை. பக்கவாட்டில். ஓடைப் பக்கமாக.

"அண்ணே!"

பிரேக் பிடிக்கவில்லை. ஒரு சாண். இன்னொரு சாண். குமிழை இரண்டு சக்கரத்துக்கே திருப்பி வைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போன தடவையும் இதைத்தான் செய்தேன்.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

டக்... டக்.

டக்... டக்.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வண்டியில் விளக்கு சிமிட்டினால் புவாகேவ் இரண்டு விரலால் அந்த மூடியைத் தட்டுவாள். "எந்திரி, சோம்பேறி," என்பாள். வண்டியைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா என்று தெரியாது. கடைசி நாளும் தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஈர இருக்கையில் மட்டும்... ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம்.

டக்.

விளக்கு நின்று எரிந்தது.

அடியில் 'கடக்' என்று பல்சக்கரம் விழுந்தது. நாலு சக்கரமும் பிடித்தன. கியரைப் போட்டேன். வண்டி ஊர்ந்து ஊர்ந்து சேற்றைத் தாண்டியது.

குமிழ் இரண்டு சக்கரத்திலேயே இருந்தது. நான் தொடவில்லை.

மணி 3:54.

ஆஸ்பத்திரியில் 5:20க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஏழு மணி வாக்கில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சன்தீ சிரித்தாள்.

"அண்ணே, நீங்க தட்டித் தட்டிக் காமிச்சீங்களே, அத எண்ணித்தான் நான் மூச்சு விட்டேன். இல்லேன்னா செத்தே போயிருப்பேன்."

"நான் எங்க தட்டினேன்?"

"மலையிலருந்து எறங்குற வரைக்கும் தட்டுனீங்களே."

கம்லாவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நானும் கேட்டேண்ணே," என்றான். "உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. அதான் வாயத் தொறக்கல."

புதுப் பெட்டி சொன்ன நாளில் வந்தது. அதுவரை கம்லா அந்தப் பழைய பெட்டியோடுதான் தினமும் கோஸ் ஏற்றி இறக்கினான். ஒரு நாளும் வண்டி நிற்கவில்லை. பழையதைக் கழற்றி, கணினிக்குப் புதுக் கம்பி மாட்டி, உள்ளே இருந்த எண்ணைப் படித்தேன்.

கடைசி நாலு இலக்கம் 4471.

அந்த எண்ணைப் போலீஸ் காகிதத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என்னுடைய பழைய வண்டி. ஓடையிலிருந்து தூக்கிய அன்றே பழைய இரும்புக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போனான். அது எங்கே போனது என்று நான் கேட்கவும் இல்லை.

ஹெங் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளி நிறம், கூரை நசுங்குனது. அதுல இருந்தா எடுத்தே?" என்றார். "எந்தக் கூடைடா?"

"இடது பக்கம்."



"வலது பக்கம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இடது பக்கம் இருக்கறது உருக்கப் போறது. மூணு நாள் தண்ணிக்குள்ள கெடந்த பெட்டிடா அது. நானே சோதிச்சுத் தூக்கிப் போட்டேன். உசுரே இல்ல அதுல."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே சிவப்புச் சேறு. காய்ந்து இறுகியிருந்தது. மின்சுற்றுத் தகட்டில் ஒரு கோடுகூட மிச்சமில்லை, எல்லாம் அரித்துப் போயிருந்தது. இப்போது எண்ணைப் படித்தேனே, அதுகூட இதிலிருந்து வந்திருக்க முடியாது. மறுபடி கம்பியை மாட்டிப் பார்த்தேன். திரை வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பதினோரு மாதத்துக்கும் சேர்த்து வந்தது.

சந்தைக்குப் போய்ச் சாமந்தி மாலை வாங்கி வந்தேன். பெட்டியை மேசையில் வைத்து மாலையைப் போட்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எடுத்துக்கிறேன், புவாகேவ். விருப்பமிருந்தா வா. இல்லேன்னா இரு."

மணி 6:40. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழானது. எட்டானது.

அதற்குப் பிறகு அந்தத் தட்டலை நான் கேட்கவே இல்லை.