நிருபரிடம் கொடும்மா

செய்தி எழுதுவது சுலபம். எழுதியது நான்தான் என்று ஊரை நம்பவைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு. "சார் இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்துப்போன சகோதரிகளே, நீங்கள் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் நாம் ஒரே கட்சி.

கோலப் பக்கம்

மதுரையில் ஒரு நாளிதழின் பெண்கள் இணைப்பில் கோலமும் குழம்பும் என் பொறுப்பு. எனக்கோ ஊர் ஊராகப் போய்ச் செய்தி சேகரிக்க ஆசை. நான் நச்சரித்த நச்சரிப்பில் செய்தி ஆசிரியர் இறங்கி வந்தார். பொங்கலுக்குள், வேறு எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு செய்தியை நான் கொண்டுவர வேண்டும். அதை என் பெயர் போட்டு வெளியிடுவார், என்னையும் நிருபராக்குவார். முடியாவிட்டால் பழையபடி புள்ளி வைக்கப் போக வேண்டியதுதான். நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரை வந்தவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எதுக்கும் பொங்கலுக்குப் பெரிய கோலமா ஒண்ணு எடுத்து வச்சிருங்கம்மா."

பேரையூர்க்காரர்

பக்கத்து மேசை குமரேசன் அண்ணன் பழம்பெரும் நிருபர். அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் பேரையூரிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"நிருபர்ட்ட குடும்மா."

"நான்தான் நிருபர். சொல்லுங்கண்ணே."

"எங்க ஊர்க் கம்மாயில மண்ண அள்ளுறாங்க. அம்புட்டும் போச்சு."

பேனாவை எடுத்துவிட்டேன். பொங்கல் என் பக்கம் வந்துவிட்டதாகவே நினைத்தேன். கண்மாய் மண்ணை யார் அள்ளுகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் அவருட்டயே சொல்லிக்கிறேன். வந்ததும் மறக்காமச் சொல்லிரு தாயி."

அடையாள அட்டை

மார்கழி பிறந்துவிட்டது. கொட்டாம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழா. நிருபர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அங்கே போய் உட்காரப் பார்த்தேன். வரவேற்புக்கு நின்றவர் தடுத்து, பந்தலின் கடைசியில் மகளிர் குழுப் பெண்களோடு உட்காரச் சொன்னார். எரிச்சலோடு கழுத்தில் தொங்கிய பத்திரிகை அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "குழுவுல எல்லாருக்குந்தான் கார்டு குடுத்திருக்கு. போயி உக்காருங்கக்கா."

கடைசி வரிசை

உட்கார்ந்தேன். முன்னால் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது. முன்வரிசை படம் பிடித்தது. என் பக்கத்திலிருந்த அக்கா மட்டும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். ஏன் என்று கேட்டேன். விழாவுக்காகத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார்களாம். ஆழ்துளைப் போர் மோட்டாருக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லையாம்.

மறுநாள் மற்ற பத்திரிகைகளில் தண்ணீர் கொட்டும் படம் வந்தது. நான் திரும்பவும் கொட்டாம்பட்டி பஸ் ஏறினேன். அந்த அக்கா குழாயைத் திறந்து காட்டினார், காற்று வந்தது. போர் மோட்டாருக்கு வயரே இழுக்கவில்லை. கரண்டு இணைப்பு பாக்கிதான் என்று அதிகாரியும் போனில் ஒப்புக்கொண்டார். செய்தியில் பேரைப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "போடு. ஒம் பேரையும் சேத்துப் போடு."

போன்

போட்டார்கள், முதல் பக்கத்தில். அந்த வாரமே கரண்டு வந்தது. குழாயடியில் குடங்கள் நிற்கும் படத்தை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்து அலுவலகத்திலேயே அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் போன் அடித்தது. குமரேசன் அண்ணன் எடுத்து, சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். பேரையூர்க்காரர்தான்.

"கொட்டாம்பட்டித் தண்ணியப் பத்தி எழுதுன அந்தம்மா இருக்காகளா?"

"நானும் நிருபர்தாண்ணே, என்கிட்டச் சொல்லுங்க."

"இருக்கட்டும் தம்பி, அவுகட்ட குடுங்க. கம்மா விசயம்."

இப்போதெல்லாம் நான் கண்மாய் கண்மாயாக வெயிலில் அலைகிறேன். கோலப் பக்கத்தைக் குமரேசன் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார், ஒரு புள்ளிகூடப் பிசகுவதில்லை.