வழி விடாத லாரி

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். புதிதாகக் கல்யாணமான நானும் என் கணவரும் நாங்கள் குடியிருந்த மாட்டுங்காவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கண்டாலா மலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலை இறக்கத்தில் வண்டி திடீரென்று வேகமெடுத்தது.

"ஏன்னா, மெதுவாப் போங்கோ!"

"என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. பிரேக் கம்பி அறுந்துடுத்து."

முன் பிரேக்கும் மழையில் நனைந்து பிடிக்கவில்லை. கியரைக் குறைத்துப் பார்த்தார், வேகம் அடங்கவில்லை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் மூடுபனி நிறைந்த பள்ளம். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இவர் விடாமல் ஹார்ன் அடித்தார். நான் "பிரேக் நஹி! பிரேக் நஹி!" என்று தெரிந்த இந்தியில் கத்தினேன். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்தார். பார்த்த பிறகும் ஒதுங்காமல், லாரியைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"பாவி, கொல்லப் பாக்கறானே!" என்று அழுதேன்.

லாரி ஏறக்குறைய எங்கள் வேகத்திலேயே ஓடியது. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எங்கள் முன்சக்கரம் அதன் பின்பலகையில் மெல்ல முட்டியது. இவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தார். வண்டியைத் தன்மேல் தாங்கியபடியே லாரி வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. நாங்களும் நின்றோம்.

நரைத்த தாடியோடு டிரைவர் இறங்கி வந்தார். "டரோ மத், பேட்டி", பயப்படாதே மகளே, என்று என் தலையில் கை வைத்தார். மோட்டார் சைக்கிளை லாரியில் ஏற்றி, எங்களை மலையடிவாரம் தாண்டிப் பன்வெல் ஊரில் இறக்கிவிட்டுப் போனார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

யாராவது குறுக்கே நின்றால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனால் வாயைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறேன்.